ஒன்பது கிலோ தண்ணீர்

பத்து கிலோ சிப்பிக் காளானைக் காய வைத்தால் ஒரு கிலோ கிடைக்கும். மற்ற ஒன்பது கிலோவும் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காளான் விலைக்கு வாங்கி, விறகையும் கரண்டையும் செலவழித்து ஆவியாக்கி வானத்துக்கு அனுப்புவதுதான் நான் செய்த தொழில். யாராவது முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். பயிற்சி வகுப்பில் இதற்கு 'மதிப்புக் கூட்டுதல்' என்று பெயர் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஜேசுராஜுக்குத் தேனி பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, ஸ்டூல். பத்து வருஷம் விற்காமல் கிடந்தாலும் தூசி தட்டி விற்கலாம். "வச்ச எடத்துல வச்சபடி இருக்கிற சரக்கை விட்டுட்டு, காலையில பறிச்சா சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கிக்கிற சரக்கைப் புடிச்சிருக்கியே மகிமா" என்று கேலி செய்தார். கேலி செய்துகொண்டேதான் பணமும் கொடுத்தார். என் நகையும் அதோடு சேர்ந்தது.

ஓடைப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு பழைய திராட்சைக் குடோனை வாடகைக்குப் பிடித்தேன். டிரையர் புதிதாக வாங்க வசதி இல்லை. வண்டன்மேட்டில் ஏலக்காய் காய வைத்துக்கொண்டிருந்த பழைய டிரையர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. எத்தனை முறை கழுவியும் முதல் மாதம் என் காளான் பொடியில் பாயச வாசம் அடித்தது. சூப்புக்குப் பொடி வாங்குகிற எர்ணாகுளம் கம்பெனிக்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இதில் முந்திரிப் பருப்பு மட்டும்தான் பாக்கி என்றார். அப்போதெல்லாம் எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது காளான் அதை வளர்க்கிற இரண்டு மூன்று குடில்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. டிரையர் பாதி நாள் சும்மா கிடக்கும். அணைந்த டிரையரை மறுபடி சூடாக்குவதற்கே பாதி விறகு போய்விடும். நிறையப் பேர் வளர்த்தால்தான் கட்டும் என்று தேடியபோது கிடைத்தவள் நாகஜோதி.

குடோனுக்குப் பக்கத்து ஊர். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அந்த ஊரில் பாதிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். நாகஜோதியும் கல்யாணமான நாளிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். ஏலக்காய் செடியின் காலடியில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். அவளுடைய இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதாகவும், இனிக் குனியக் கூடாது, ஜீப்பில் குலுங்கக் கூடாது என்றும் தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார்.

"குனியாம இரு, குலுங்காம இருன்னு சொல்லிட்டாரு. திங்காம இருன்னு மட்டும் சொல்லல" என்றாள் என்னிடம். "எனக்கு லட்சக்கணக்குல வேணாம்க்கா. அந்த ஜீப்பு ஏறாம காலந்தள்ளணும். அவ்வளவுதான்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். அதற்காகக் கறவை மாட்டை விற்றுவிட்டு, மாட்டுக் கொட்டத்தைச் சாக்கும் ஓலையும் வைத்து அடைத்துக் காளான் குடில் ஆக்கினாள். வீடு வீடாகப் போய்ப் பேசினாள். இருபத்திரண்டு பெண்கள் குடில் போட்டார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. நாகஜோதியைத் தெரியும், அதனால் போட்டார்கள்.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். டிரையருக்கு வயிறு ஓர் அளவுதான். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் அது தின்னாது. பட்டினியும் போடக் கூடாது. அதனால் பெண்களை நாலு குழுவாகப் பிரித்து, ஒரு வாரத்துக்கு ஒரு குழுவாக, வைக்கோலில் காளான் விதை கலந்து பை போட்டால் காளான் சீராக வந்துகொண்டே இருக்கும், அடுப்பு அணையாது. முதல் குழு மார்கழியில் தொடங்க வேண்டும் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மார்கழியில யாரும் புதுசா ஒன்னும் தொடங்க மாட்டாகக்கா" என்றாள் நாகஜோதி. "தை பொறக்கட்டும்."

தை பிறந்தது. அமாவாசை கழியட்டும் என்றார்கள். அமாவாசை கழிந்தது. வளர்பிறையில் ஒரு நல்ல முகூர்த்த நாள் வந்தது. முதல் குழு மட்டும் அன்று போடட்டும், மற்றவர்கள் வாரம் வாரம் போடுங்கள் என்றேன். அடுத்த வாரம் அஷ்டமி என்றாள் ஒருத்தி. அதற்கடுத்தது தேய்பிறை என்றாள் இன்னொருத்தி. தன் பிழைப்பைத் தேய்பிறையில் தொடங்க யாருக்குத்தான் மனசு வரும்? இருபத்திரண்டு பேரும் அதே நாளைத்தான் கேட்டார்கள்.

கூடாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கூட்டத்தில் மூத்தவள் மூக்கம்மாள் முந்திக்கொண்டாள். "ஒங்க வேதத்துல எல்லா நாளும் ஒன்னுதான் ஆத்தா. எங்களுக்கு அப்பிடி இல்லையே" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இனி நான் டிரையரைப் பற்றிப் பேசினாலும் அது டிரையரைப் பற்றிய பேச்சாக இருக்காது. சர்ச்சுக்குப் போகிறவள் வந்து நம் நல்ல நாளைக் கெடுக்கிறாள் என்று பொழுது சாய்வதற்குள் ஊர் பேசும். பெண்கள் இல்லாவிட்டால் டிரையர் வெறும் இரும்புப் பீரோ. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நல்ல நாள் நன்றாகத்தான் இருந்தது. வேக வைத்து ஆறவிட்ட வைக்கோலின் வாசம் தெரு முழுக்க. குடில் வாசலில் மஞ்சள் தெளித்து, தேங்காய் உடைத்து, முதல் விதைப்பையை என் கையால் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். இருபத்திரண்டு குடிலிலும் ஒரே நாளில் பை தொங்கியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மூன்று வாரம் பொறுத்து எல்லாம் ஒரே சமயத்தில் வெடித்துப் பூக்கும். டிரையர் தின்றது போக நாலு மடங்கு மிஞ்சும். மிஞ்சுவதைப் பச்சையாகவே விற்றுவிடலாம் என்று கம்பம், சின்னமனூர், தேனிக் காய்கறிக் கடைகளில் பேசி வைத்தேன். கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது சபைக் காலண்டர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் இருக்கும், அமாவாசை பௌர்ணமி இருக்காது. மாசி மாதம் சிவராத்திரி வரும், இந்தப் பக்கத்துச் சனங்கள் குடும்பத்தோடு குலசாமி கும்பிடப் போவார்கள், பஜார் வெறிச்சோடும் என்பதெல்லாம் தேனியில் பிறந்த எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததைக் காளானோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

நாகஜோதி போன் செய்தாள். "யக்கா, மொட்டு வந்துருச்சு! பை பூராம் குண்டூசித் தலை மாதிரி வெள்ளை வெள்ளையா நிக்கிது. எல்லாக் குடில்லயும் வந்துருச்சு." எனக்கும் சந்தோஷம். நாளை மறுநாள் பறித்துவிடலாம் என்றேன்.

"நாளான்னைக்கு சிவராத்திரி. சாமி கும்பிடப் போறோமேக்கா. உசிலம்பட்டிப் பக்கம். போனா ரெண்டு நாளாகும்."

"எத்தனை பேரு?"

"ஊரே போகும்."

"ஏன் நாகஜோதி முன்னாடியே சொல்லல?"

"சிவராத்திரி வரும்னு யாராச்சும் சொல்லுவாகளா? ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

சிப்பிக் காளான் யாருக்காகவும் காத்திருக்காது. விரிந்த அன்றே பறிக்க வேண்டும். அரை நாள் தவறினால் ஓரம் சுருண்டு மஞ்சளாகிவிடும். அதற்குப் பிறகு எருக்குழிக்குத்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் போகவில்லை. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் கிடா வெட்டு வேறு. அவள் புருஷன் ஒச்சாண்டி என் முன்னாலேயே சத்தம் போட்டார். "சாமிக்கு மேலயா போச்சு ஒங்க காளான்?" என்று கேட்டார். கேள்வி அவளிடம், பார்வை என்னிடம். "இத்தனை பொம்பளைகளை இதுல எறக்கிவிட்டது நானு. சாமிக்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போங்க" என்றாள் நாகஜோதி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். ஊரே வேன் பிடித்துப் போனது. இருபத்திரண்டு குடிலின் சாவிகளும் அவள் இடுப்பில் தொங்கின.

ஜேசுராஜ் கடையைச் சாத்திவிட்டு, சரக்கு வண்டியில் தன் கடையின் பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்தார். மொத்தம் மூன்று பேர். விடிந்ததும் முதல் குடிலைத் திறந்தோம். சாக்கை விலக்கினோம். மேலிருந்து கீழே வரை கொத்துக் கொத்தாக, கையளவு மடல்கள், பால் நிறத்தில். இத்தனை அழகாக எதுவும் என் கையால் விளைந்ததில்லை. இருபத்திரண்டு குடிலிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததும் முதல் கிரேடை இழுத்துப் போட்டுப் பறிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாலு குடில் முடிவதற்குள் டிரையர் நிரம்பிவிட்டது. மீதியை ஜேசுராஜ் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் போனார். மதியம் தாண்டித் திரும்பி வந்தபோது கிரேடுகள் போன மாதிரியே வந்தன. பாதிக் கடை பூட்டிக் கிடந்ததாம். திறந்திருந்த ஒருவர், "இன்னிக்கு வெரதம். நாளைக்கு வீட்டுக்கு வீடு கெடாக்கறி. ரெண்டுக்கும் நடுவுல ஒங்க காளானை எங்கன வைக்க?" என்றாராம். ஜேசுராஜ் அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்றார்.

பிறகு நான் செய்தது பேராசையா, பயமா என்று தெரியவில்லை. ஒரு ட்ரேயில் ஒரு அடுக்கு பரப்ப வேண்டிய இடத்தில் மூன்று அடுக்கு பரப்பினேன். டிரையர் மூச்சுத் திணறியது. காய்வதற்குப் பதிலாக எல்லாம் உள்ளேயே வெந்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது பழுப்பு நிறத்தில் செருப்புத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. காப்பாற்றப் போன சரக்கையும் சேர்த்துக் கெடுத்தேன்.

வெளியே கிரேடுகளில் இருந்தது நாற ஆரம்பித்தது. நாகஜோதி இன்னும் பறித்துக்கொண்டிருந்தாள். கிரேடு இல்லாமல் போனபின் முந்தானையில் பறித்தாள். "போதும் நாகஜோதி, வைக்க எடமில்ல" என்றேன். "அவுக வந்து பாக்கும்போது பையிலயே அழுகிக் கெடக்கக் கூடாதுக்கா. பறிச்சாச்சுன்னாவது சொல்லலாம்ல" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். நிறுத்து என்று கத்தினேன். அவள் மீது எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் கத்துவதற்கு வேறு ஆள் இல்லை. அவள் குடில் வாசலில் மெல்லச் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் திருநீற்றுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள். அவரவர் குடிலைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூக்கம்மாள் நாகஜோதிக்கென்று தூக்குவாளியில் கறி கொண்டு வந்திருந்தாள். நாகஜோதி அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் எர்ணாகுளத்துக்காரர் வந்தார். பழுப்புச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எடுக்கான் பற்றில்லா மேடம்" என்றார். எடுக்க முடியாதாம். தெரிந்ததுதான். நன்றாகக் காய்ந்ததை எடுத்துக் காட்டினேன். அதற்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு, தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன். ஆரம்பத்தில் கிலோ ஆயிரத்து நானூறு என்று வாயால் சொன்னவர் இப்போது தொள்ளாயிரத்து ஐம்பது என்றார். வடக்கேயிருந்து பொடி அந்த விலைக்கு வந்து இறங்குகிறதாம். பெரிய பெரிய கம்பெனிகள்.

"நாங்க மாசா மாசம் தவறாமக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"நிங்கள் டெய்லி தந்தாலும் இதே ரேட்டு தான். எனிக்கும் நஷ்டம் வரக் கூடாதல்லோ." மரியாதையான மனிதர். டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு குடோனிலேயே உட்கார்ந்து மனசுக்குள் கூட்டினேன். பெண்களிடம் கிலோ தொண்ணூறுக்கு வாங்குகிறேன். பத்து கிலோவுக்குத் தொள்ளாயிரம். விறகு, கரண்டு, கூலி, பாக்கெட், வாடகை எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோ பொடி ஆயிரத்து நூற்றைம்பதைத் தொட்டுவிடும். மார்கழியில் தொடங்கியிருந்தாலும், நாலு குழுவும் நான் சொன்னபடியே போட்டிருந்தாலும், ஒரு காளான்கூட அழுகாமல் இருந்திருந்தாலும் கிலோவுக்கு இருநூறு ரூபாய் நஷ்டம். எவ்வளவுக்கு நன்றாக வேலை செய்கிறோமோ அவ்வளவுக்குச் சீக்கிரம் மூழ்குவோம். பெண்களுக்குக் கொடுக்கிற விலையைக் குறைத்தால் எனக்குக் கட்டும், அவர்களுக்கு வைக்கோல் காசுகூட வராது. பச்சையாகவே விற்கலாம் என்றால், இருபத்திரண்டு குடில் காளானைத் தினமும் தின்கிற அளவுக்கு இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. எப்படிப் புரட்டினாலும் அந்த ஒன்பது கிலோ தண்ணீர் யார் தலையிலாவது விழுந்தது.

வீட்டில் சொன்னேன். ஜேசுராஜ் கேலி செய்யவில்லை. அப்போதுதான் முடிந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

பெண்களுக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்தேன். டிரையரை விலைக்கு வாங்க ஆள் வந்தது. லாரி வந்து நின்று, போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நாகஜோதி பெண்களைக் கூட்டிக்கொண்டு குடோனுக்குள் வந்தாள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஏதோ பஞ்சாயத்து என்று நினைத்தேன்.

மூக்கம்மாள்தான் பேசினாள். "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம் ஆத்தா. நாங்க நாளு பாத்ததுலதான் எல்லாம் கெட்டுச்சு. இனிமே பாக்கல. மார்கழியோ, தேய்பிறையோ, அட்டமி நவமியோ, நீ எந்த நாளைச் சொல்றியோ அந்த நாள்ல போடுறோம்."

"சிவராத்திரிக்கும் வழி பண்ணிட்டோம்க்கா" என்றாள் நாகஜோதி. அவள் முகம் பிரகாசமாக இருந்தது. "ஒரு வருசம் பாதி வீடு போகும், பாதி வீடு இருக்கும். அடுத்த வருசம் மாத்திக்கிருவோம். வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. மொத வருசம் நானே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டேன். டிரையரை இன்னிக்கு ஏத்த வேணாம்னு சொல்லுங்கக்கா."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டதை அவர்களே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்தேன். ஒச்சாண்டியைச் சரி சொல்ல வைக்க அவள் என்ன பாடு பட்டிருப்பாள்? அவர்கள் தங்களைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தப் பாரத்தையாவது இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. அது ஒரு நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

"ஒங்க தப்பு ஒன்னும் இல்ல" என்றேன். கம்பெனிக்காரர் சொன்ன விலையைச் சொன்னேன். விறகு, கரண்டு, வாடகை எல்லாவற்றையும் சொன்னேன். பத்து கிலோ ஒரு கிலோவாகிற கணக்கை மறுபடியும் சொன்னேன். அவர்களுக்கு எல்லாம் புரிந்தது.

"அப்ப மார்கழியிலயே போட்டிருந்தாலும்?" என்று கேட்டாள் நாகஜோதி.

"இப்படித்தான் ஆயிருக்கும்."

"சாமியை விட்டுட்டு நான் இங்கன கெடந்தேனே, அது?"

"நீ போயிருந்தாலும் இப்படித்தான் நாகஜோதி. நாம என்ன பண்ணியிருந்தாலும் இப்படித்தான்."

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் என் கண் முன்னால் இறங்கியது. மூக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க தப்பாவே இருந்திருக்கலாம்க்கா" என்றாள் நாகஜோதி. "திருத்தியிருப்போம்ல."

லாரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, பின்பக்கம் தூக்க ஆள் பத்தவில்லை, ஒரு கை கொடுங்கள் என்றார். பெண்கள் எழுந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரையரைச் சுற்றி நின்றார்கள். நாகஜோதியும் ஒரு மூலைக்குப் போய்க் குனிந்தாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து, ஒன் இடுப்புக்கு ஆகாது, நீ விடு என்றேன்.

"நாளையில இருந்து ஜீப்பு ஏறிக் குனியத்தானக்கா போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடியில் கை கொடுத்தாள்.